கொங்கு நாட்டுக் கிராமங்களில் உடற்பருமனை ஆராய்வது எப்படி?

உடற்பருமன் நகரத்து வசதிக்காரர்களின் தொல்லை என்றும், காட்டிலும் தோட்டத்திலும் பாடுபடுகிறவர்களை அது அண்டாது என்றும் நம்மில் பலர் இன்னும் எண்ணுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1985 முதல் 2017 வரை உலக மக்களின் சராசரி உடல்நிறைக் குறியெண் உயர்ந்ததில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கிராமப்புறங்களில் ஏற்பட்ட உயர்விலிருந்து வந்தது என்று 2019ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களில் 30.9 சதவீதத்தினரும் ஆண்களில் 28.2 சதவீதத்தினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர். 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் இவை முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்துவிட்டன. இவை நகரமும் கிராமமும் சேர்ந்த மாநில எண்கள். மேலும் இந்த எண்கள் 15 முதல் 49 வயது வரையிலானவர்களை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வாழும் அறுபது வயது அம்மையாரின் நிலை அந்த எண்ணுக்குள் இல்லை. அவரையும் சேர்த்து, ஒரு வட்டாரத்துக் கிராமங்களின் உடல்நிலையை நம்பத்தக்க வகையில் அறிய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், எதை அளக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். எல்லோரும் அறிந்த அளவு உடல்நிறைக் குறியெண், மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்பார்கள். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த விகிதத்தைக் கண்டார். அவர் தேடியது சராசரி மனிதனின் அளவுகளையே, நோயை அன்று. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு இன்றுள்ள பெயரை அளித்து, மக்கள் தொகுதிகளை ஆராய ஏற்ற அளவு என்று பரிந்துரைத்தனர். உலக அளவில் 25 முதல் மிகை எடை, 30 முதல் பருமன் என்று கொள்வது வழக்கம். ஆனால் ஆசிய மக்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குவதை 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சுட்டிக்காட்டியது. 2009இல் இந்திய மருத்துவர்கள் ஒருமித்து வெளியிட்ட வழிகாட்டுதலோ 23 முதல் 24.9 வரை மிகை எடை என்றும் 25 முதல் பருமன் என்றும் வரையறுத்தது. ஆகவே ஓர் அறிக்கையில் ‘பருமன் இத்தனை சதவீதம்’ என்று படிக்கும்போது, எந்த எல்லைக் கோட்டைக் கொண்டு எண்ணினார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை இன்னோர் அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எல்லைக் கோடு நமக்கு ஏன் தாழ்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலுக்குள் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சேமிப்பு. குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் அது திண்ணையிலும் நடையிலும் குவிவதைப் போல, அந்தச் சேமிப்பிடம் நிறைந்தபின் வரும் கொழுப்பு வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தசைக்குள்ளும் படிகிறது. அப்படிப் படிந்த இடங்களில் இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் சமாளிக்கிறது. கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பை மிகுதியாக ரத்தத்தில் விடுகிறது. காக்கும் கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இறுதியில் கணையம் தளரும்போது சர்க்கரை ஏறுகிறது. இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒன்றாகச் சேர்ந்து வருபவை என்று 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் எடுத்துரைத்தார். இன்று இதனை வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி என்கிறோம்.

2009இல் பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து வகுத்த வரையறையின்படி, ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தால் ஒருவருக்கு இந்தக் கூட்டறிகுறி உண்டு. நம் பகுதி மக்களுக்கு அந்த ஐந்தும் இவை: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ. அல்லது பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டியிருப்பது, ட்ரைகிளிசரைடு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 150 மி.கி.யோ மேலோ இருப்பது, எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் குறைந்திருப்பது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85ஐ எட்டியிருப்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100ஐ எட்டியிருப்பது. மாத்திரை சாப்பிடுவதால் அளவு இறங்கியிருப்பவரையும் அந்த அடையாளம் உள்ளவராகவே எண்ண வேண்டும். புதிதாக ஆய்வில் இறங்குகிறவர்கள் தவறவிடுகிற இடம் இது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பனியன் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகும் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர். உயரம் 160 செ.மீ., எடை 62 கிலோ. குறியெண் 24.2. உலக அளவுகோலில் அவர் இயல்பான எடை உடையவர். ஆனால் அவருடைய இடுப்பு 86 செ.மீ., எச்.டி.எல். 42, ரத்த அழுத்தம் 132க்கு 84. சர்க்கரை இன்னும் ஏறவில்லை. இருந்தும் ஐந்தில் மூன்று அடையாளங்கள் அவருக்கு வந்துவிட்டன. இன்னொருவர், தென்னந்தோப்பில் தினமும் உழைக்கும் ஆண். உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோ, குறியெண் 25.7. இந்திய அளவுகோலில் அவர் பருமனானவர். இடுப்போ 86 செ.மீ.தான், ரத்தப் பரிசோதனை முழுவதும் சரியாக உள்ளது. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பினால், கவனிக்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவரை அச்சுறுத்தியிருப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் குறியெண்ணின்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இடைப்பட்ட அந்த வேறுபாட்டில்தான் நம் ஊர்ப் பெண்களில் பலர் இருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே கிராமத்து ஆய்வு ஒன்றுக்குப் பணம் குறைவாக இருந்தால், விலையுயர்ந்த வேறு எதை விட்டாலும் அளவு நாடாவை விட்டுவிடக் கூடாது.

அடுத்த கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் கொங்கு நாட்டில் அதுவே கடினமானது. கிராமம் என்பது எது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்ற அடர்த்தி, ஆண் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதத்தினர் வேளாண்மை அல்லாத வேலை என்ற மூன்றும் பொருந்தினால் ஓர் ஊரை நகரமாகக் கொள்கிறது. பல்லடம், சோமனூர், அவிநாசி, குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே தெருவில் விசைத்தறிக் கூடமும் மாட்டுக் கொட்டகையும் இருக்கும். பதிவேட்டில் கிராமமாக உள்ள ஊரிலிருந்து விடியற்காலையில் கம்பெனி வண்டியில் ஏறி, ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் திரும்புகிறவர்களின் உடல் உழைப்பு, நகரத்துத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வேறுபட்டதன்று. கமலை இறைத்த காலம் போய் மோட்டார் பம்பு வந்தது. பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய இடங்களில் சொட்டுநீர்க் குழாய் வந்தது. நடந்து போன தொலைவை மொபெட்டும் ஸ்கூட்டியும் எடுத்துக்கொண்டன. நெல்லுச்சோறு நோம்பி எனப்படும் திருவிழாவுக்கும் விருந்துக்கும் மட்டும் என்றிருந்த, மழையை நம்பிய மேட்டாங்காட்டு ஊர்களிலும் இப்போது மூன்று வேளையும் அரிசி. கம்பும் சோளமும் மாட்டுத் தீவனமாகிவிட்டன. இந்த மாற்றத்தில் பாதியை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்: பட்டினி நீங்கியதும், முதுகொடிக்கும் வேலை குறைந்ததும் நல்லவை. ஆனால் உண்ணும் அளவு பழைய உழைப்புக்கும் செய்யும் வேலை புதிய காலத்துக்கும் உரியதாக இருப்பதன் விளைவைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

எனவே கொங்கு நாட்டில் ஆய்வைத் திட்டமிடுகிறவர் எல்லாக் கிராமங்களையும் ஒன்றாகக் குவித்துச் சீட்டு எடுப்பதைக் காட்டிலும், வகை பிரித்து எடுப்பது நல்லது. கோபி, பவானி, பொள்ளாச்சி போன்ற பாசன வசதியுள்ள ஊர்கள் ஒரு வகை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்து வறண்ட நிலத்து ஊர்கள் ஒரு வகை. தறியும் பனியனும் ஆளும் ஊர்கள் மற்றொன்று. பர்கூர், தாளவாடி போன்ற மலை ஊர்கள் வேறொன்று. மலை ஊர்களில் ஊட்டக் குறைவும் இன்னும் நீங்காமல் இருக்கக்கூடும். அங்கே எடைக் குறைவையும் அதே கவனத்தோடு எண்ண வேண்டும். ஒவ்வொரு வகையிலிருந்தும் மக்கள்தொகைக்கு ஏற்பச் சில ஊர்களையும், ஒவ்வோர் ஊரிலும் வீடுகளின் முழுப் பட்டியலிலிருந்து சில வீடுகளையும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவரையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள்.

இதற்கு மாறாக, கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ முகாம் நடத்தி வந்தவர்களை எல்லாம் அளந்தால் அது சேவை ஆகும், ஆய்வு ஆகாது. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களும், உடம்புக்கு ஏதோ என்று ஐயப்படுகிறவர்களும், வீட்டில் ஓய்வாக இருக்கும் முதியவர்களும் முகாமுக்கு முந்தி வருவார்கள்; கம்பெனிக்குப் போனவரும் லாரியில் வடக்கே போனவரும் வர மாட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும் முகாமுக்குக் காலனியிலிருந்து எத்தனை பேர் தயக்கமின்றி வருவார்கள்? வீடுவீடாகப் போய், இரு பகுதிகளையும் பட்டியலில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்த ஊரைப் பற்றிப் பேசும் உரிமை ஆய்வாளருக்கு வரும். மில் விடுதிகளிலும் வாடகை லைன் வீடுகளிலும் தங்கியுள்ள வெளிமாநிலத் தொழிலாளர்களைச் சேர்ப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்; ஆறு மாதமாவது அங்கே வசித்திருந்தால் சேர்ப்பது என்பது ஒரு நியாயமான விதி.

எத்தனை பேர் வேண்டும்? பருமன் 30 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, உண்மையான அளவிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாமல், 95 சதவீத நம்பகத்தோடு மதிப்பிட விரும்பினால் கணக்கின்படி 323 பேர் போதும். ஆனால் ஒரே ஊரில் வாழ்பவர்கள் உணவிலும் வேலையிலும் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால், ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கும் முறையில் அந்த எண்ணை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்வது பாதுகாப்பு, 646 ஆகும். மறுப்பவர்களையும் வெளியூர் போனவர்களையும் நினைத்து இன்னும் சிலரைக் கூட்டுவார்கள். வகைக்கு வகை ஒப்பிட வேண்டுமானால் இந்தக் கணக்கு ஒவ்வொரு வகைக்கும் தனியாகப் பொருந்தும்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலான ஆய்வுகள் நிலைக்கின்றன அல்லது சரிகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறை கேள்வி, உடல் அளவு, ரத்தப் பரிசோதனை என்று மூன்று படிகளாகப் போகிறது. எடை பார்க்கும் இயந்திரத்தைச் சமமான தரையில் வைத்து, தினமும் காலையில் அறிந்த எடை ஒன்றால் சரிபார்க்க வேண்டும். சாணம் மெழுகிய வாசலில் வைத்தால் ஒரு கிலோ கூடக் குறையக் காட்டும். உயரம் பார்க்கும்போது செருப்பைக் கழற்றுவதோடு கொண்டையையும் பின்னுக்குத் தள்ளச் சொல்ல வேண்டும். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், நீளாத நாடாவால் அளக்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் நாடாவைச் சுற்றினால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். எல்லைக் கோடு 80இல் இருக்கும்போது அந்தச் சில சென்டிமீட்டர்கள் ஒரு பெண்ணை நோய் அடையாளம் உள்ளவராக மாற்றிவிடும். ஆகவே பெண்களை அளக்கப் பெண் பணியாளரும், கதவு சாத்திய ஓர் அறையும், ‘கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கிக்கிறீங்களா அக்கா’ என்று மரியாதையாகக் கேட்கும் பயிற்சியும் ஆய்வுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். தோட்டத்துப் பெரியவர்கள் வேட்டிமேல் கட்டும் அகலமான பெல்ட்டையும் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தை, சற்று நேரம் அமைதியாக உட்கார வைத்த பின் மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுப்பார்கள்.

வெறும் வயிற்று ரத்தம் எடுப்பது கொங்குக் கிராமங்களில் தனிச் சிக்கல். விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர் வழியிலேயே டீ குடித்திருப்பார். டீயைச் சாப்பாடாக அவர் எண்ணாததால், ‘ஏதாவது சாப்பிட்டீங்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லீங்க’ என்று உண்மையாகவே பதில் சொல்வார். டீ, காப்பி, பால், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முந்தைய நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவைத்து, பால் நேரத்துக்கு முன்போ அதை ஒட்டியோ குழு ஊருக்குள் இருக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் விட்டுவைத்தால் அதிலுள்ள அணுக்களே சர்க்கரையை உண்டு, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவைக் குறைத்துவிடும். தாளவாடியில் எடுத்த ரத்தம் மலை இறங்கி ஆய்வகம் சேரும்போது நோயாளி ஒருவர் நலமானவராகக் கணக்கில் ஏறியிருப்பார். அதனால் ஃபுளோரைடு கலந்த குழாயும் குளிர்ப்பெட்டியும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஊரிலேயே பிரிக்கும் ஏற்பாடும் தேவை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த அளவைப் பொய்யாக உயர்த்தக்கூடும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது. அதை மட்டும் நம்பிக் கிராமத்துப் பெண்களின் சர்க்கரையை எண்ணுவதை நான் ஏற்க மாட்டேன்.

உணவையும் உழைப்பையும் கேட்டறிவது இன்னும் நுட்பமானது. ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா’ என்று கேட்டால் களை எடுக்கும் பெண்ணும் ‘இல்லை’ என்பார், நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரும் ‘இல்லை’ என்பார். வேலையில், போக்குவரத்தில், ஓய்வு நேரத்தில் என்று பிரித்து, மணிக்கணக்கில் கேட்க வேண்டும். மஞ்சள் வெட்டும் மாதத்தில் கேட்பதும், வேலையில்லாத கோடையில் கேட்பதும் ஒரே விடையைத் தாரா. ஆண்டில் இரு பருவங்களில் கேட்பது நல்லது. நேற்று முழுவதும் உண்டதைச் சொல்லச் சொல்லும் முறையில் மாரியம்மன் நோம்பிக்கு மறுநாள் போனால் ஒப்புட்டு, கச்சாயம் போன்ற பலகாரங்களும் கறிக்குழம்பும் அன்றாட உணவாகப் பதிவாகிவிடும். வேலையிடத்துப் பேக்கரியில் உண்ட பப்ஸும் வடையும் வீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. சமைக்கும் எண்ணெயின் அளவைத் தனிநபரிடம் கேட்பதைவிட, மாதத்துக்கு எத்தனை பாக்கெட், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பது நம்பத்தக்கது. ரேஷன் பாமாயிலைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தபின் வரும் எண்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஒரு முறை போய் அளக்கும் ஆய்வு, அன்றைய நிலையைக் காட்டுமே தவிர எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. ராகிக் களி தினமும் உண்பவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்று ஓர் ஆய்வில் தெரியவந்தால், களி நோயைத் தந்தது என்று பொருள் அல்ல. சர்க்கரை என்று தெரிந்த பிறகு மருத்துவரோ மருமகளோ சொல்லி அவர்கள் களிக்கு மாறியிருப்பார்கள். அதுபோலவே, முற்றிய சர்க்கரையால் மெலிந்தவர் இன்று ஒல்லியானவர்களின் பட்டியலில் இருப்பார். காரணத்தை அறிய, நலமாக இருப்பவர்களை முதலில் அளந்து, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் நீள்தொடர் ஆய்வுதான் வேண்டும். ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது வயதையும் சமன் செய்ய வேண்டும். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட, முதியவர்களே தங்கியுள்ள ஊரில் ரத்த அழுத்தம் மிகுந்து தெரிவது அந்த ஊரின் வாழ்க்கை முறையால் மட்டுமே என்று கொள்ள முடியாது. முன்பு சொன்ன, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் 2008இல் தொடங்கிய முதற்கட்டத்தில் தமிழ்நாட்டின் நகரங்களில் 13.7 சதவீதமும் கிராமங்களில் 7.8 சதவீதமும் சர்க்கரை நோய் காணப்பட்டது. அந்த இடைவெளி இப்போது கொங்குக் கிராமங்களில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை, அதே வரையறையும் அதே அளவு முறையும் கொண்ட ஆய்வால் மட்டுமே சொல்ல முடியும்.

இறுதியாக, அளக்கப்பட்டவருக்கு ஆய்வாளர் பட்டிருக்கும் கடன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியின் முன் வாசித்துக் காட்டிப் பெற்ற சம்மதமும் தொடக்கத்திலேயே கட்டாயம். முடிவுகளை அவரவர் கையில், அவரவருக்குப் புரியும் தமிழில், மாமியாரோ அண்டை வீட்டாரோ கேட்காதபடி கொடுக்க வேண்டும். ‘நல்லாப் பூசுனாப்புல இருக்கீங்க’ என்பதைப் பாராட்டாகக் கேட்டுப் பழகியவரிடம் இடுப்பளவைப் பற்றிப் பேச நேரமும் கனிவும் வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126ஐத் தாண்டியவருக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால், ஒரே பரிசோதனையை வைத்து நோயாளி என்று முத்திரை குத்தாமல், இன்னொரு நாள் மீண்டும் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இப்போது வீடுதோறும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஆய்வில் புதிதாகக் கண்டறியப்பட்டவரின் பெயரை, அவருடைய சம்மதத்தோடு, அந்த ஊரின் தன்னார்வலரிடம் ஒப்படைத்து, அவருக்கு முதல் மாத மாத்திரை வந்துசேர்ந்ததா என்று கேட்டறிந்த பின்பே குழு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும்.